ஐம்பது பவுண்டு

என் பெயர் கோதண்டம். ராமனுடைய வில்லின் பெயர். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாற்பத்தொன்பது வயது வரைக்கும் ஒரு வில்லைக்கூடத் தொட்டதில்லையா என்று சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடிக்கட்டும். எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் தெருவுக்கு இரண்டு கோதண்டம் இருக்கிறார்கள். எவனும் வில் பிடித்ததில்லை. வலைதான் பிடித்தோம்.

இருபத்திரண்டு வருடம் வலை பிடித்துவிட்டு, இப்போது எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாக இருக்கிறேன். லாரி உள்ளே வந்தால் நம்பரை எழுத வேண்டும், வெளியே போனால் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. டிரைவர்கள் என்னை ‘வாட்ச்மேன்’ என்பார்கள். கொஞ்சம் பாசக்காரன் ‘பெருசு’ என்பான். உன் பேர் என்னய்யா என்று ஒருத்தன் கேட்டதில்லை. வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. என் மனைவி கோவிந்தம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் வினிதா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். புதன்கிழமை போன் பண்ணுவாள். “சாப்டியா நைனா?” “சாப்டேன்மா.” “மாத்திர போட்டியா?” “போட்டேன்மா.” பிறகு வைத்துவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது, என்னிடம் பேச என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் டூட்டி. ஆனால் காலை ஏழுக்கே யார்டுக்குப் போய்விடுவேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே உட்கார்ந்து கண்டெய்னரைப் பார்க்கலாம். கண்டெய்னரிலாவது நாலு எழுத்து இருக்கிறது.

யார்டுக்கு எதிரே காம்பவுண்டு சுவர் கட்டிய ஒரு காலி மனை. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே வந்து வில்லில் அம்பு விடுவார்கள். நடத்துகிறவள் ஜெரினா. ராயபுரத்துப் பெண், துறைமுகச் சரக்கு விடுவிக்கிற ஆபீஸ் ஒன்றில் வேலை. டிவியில் காட்டுகிறார்களே, கம்பியும் சக்கரமும் வைத்த வில், அதெல்லாம் இவளிடம் கிடையாது. ஒரே வளைவு, ஒரே நாண், குறி பார்க்கக் கண்ணாடிகூட இல்லாத பழைய மாதிரி வில். நான் ஒரு மாதம் கேட்டில் நின்று பார்த்தேன். ஐந்தாவது ஞாயிறு அவளே ரோட்டைத் தாண்டி வந்தாள்.

“அண்ணா, வாராவாரம் பாக்கறீங்களே, வந்து ஒருவாட்டி விட்டுப் பாருங்க. உங்க பேர் இன்னா?”

சொன்னேன். சிரித்தாள். சிரிக்கட்டுமே! கோவிந்தம்மா போனதற்கு அப்புறம் ஒரு மனுஷி என் பெயரைக் கேட்டு அதை வாயாலும் சொன்னது அன்றைக்குத்தான். அவள் பின்னாலேயே போய்விட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு வாரம் என்றாலே அந்த இரண்டு மணி நேரம்தான். ‘கோதண்டம் அண்ணா டீ குடிச்சிட்டீங்களா’ என்பார்கள். ‘கோதண்டம் அங்கிள் உங்க அம்பு எங்க போச்சு பாருங்க’ என்று வியாசர்பாடியிலிருந்து அம்மாவோடு வரும் மகிழினி கத்துவாள். ஒன்பதாவது படிக்கிற பெண், வாய் மட்டும் காலேஜ். பழகுவதற்கு ஒரு பொது வில் இருந்தது, குச்சி மாதிரி மெல்லிசு. அதில் நான் ஒன்றும் மோசமில்லை. குறிக்கு வைத்த வைக்கோல் மெத்தையில் பத்துக்கு ஆறு குத்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஜெரினா விடவில்லை.

“அண்ணா, அம்ப மாட்டிட்டு, இழுக்கறதுக்கு முன்னாடி ஏன் அப்டியே நின்னுடறீங்க? யாருக்காக வெய்ட் பண்றீங்க?”

“சொம்மாதாம்மா” என்றேன். நான் நிற்கிறேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொது வில் ஆறு வாரத்துக்குத்தான். அதன் பிறகு ஒவ்வொருவரும் சொந்த வில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய சட்டம். ஏழாவது ஞாயிறு ஸ்டானிஸ்லாஸ் வந்தார். காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற வேலை. மூங்கிலும் ஃபைபரும் அடுக்கி ஒட்டி வில்லும் செய்கிறார். தார்ப்பாயை விரித்து ஒன்பது வில்லை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் வயிற்றிலும் சின்னதாக ஒரு எண். இருபத்துநாலு, இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது என்று ஏறிக்கொண்டே போய் கடைசி வில்லில் ஐம்பது. நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்தால் கையில் எத்தனை பவுண்டு கனம் நிற்கும் என்பதற்கு அந்த எண்.

இன்னும் சொந்த வில் வாங்காத எல்லோருக்கும் ஜெரினா ஒரே கணக்குச் சொன்னாள். “கன்னம் வரைக்கும் இழுங்க. அப்டியே நின்னு பத்து எண்ணுங்க. கை நடுங்கலைன்னா அதுதான் உங்க வில்லு. நடுங்குச்சுன்னா ஒரு நம்பர் கீழ வாங்க. வெக்கப்படாதீங்க. மொதல் வில்லு லேசாத்தான் இருக்கணும்.”

மகிழினி இருபத்துநாலை எடுத்து இழுத்துப் பார்த்து, “லேசா கீது அங்கிள்” என்று கீழே வைத்துவிட்டு இருபத்தாறை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஜெரினா முப்பதைக் காட்டினாள். “அதுவே உங்களுக்கு ஜாஸ்தி. இருவத்தாறுகூட போதும்ண்ணா.”

எனக்கு வந்ததே கோபம். சின்னப் பெண் எடுத்த எண்ணே எனக்குப் போதும் என்கிறாளே!

“ஐம்பது பவுண்டுன்னா எவ்ளோ கிலோ நைனா?” என்று ஸ்டானிஸ்லாஸைக் கேட்டேன்.

“இருவத்திரண்டரை வரும்.”

இருபத்திரண்டரை கிலோ! அரைக்கூடை மீன். நான் இழுத்த வலை நனைந்து மீனோடு வரும்போது எத்தனை கிலோ என்று இவர்களுக்கு யார் சொல்வது? எங்கள் பழக்கம் வேறு. கயிறு வாங்கப் போனால் தேவைக்கு ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். நங்கூரம் அப்படி, மிதவை அப்படி. கடலில் எது மெல்லிசாக இருக்கிறதோ அதுதான் முதலில் அறுந்துபோகும். குப்பத்தில் எவனும் சின்ன எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வரமாட்டான். நான் ஐம்பதைத் தூக்கினேன்.

இழுத்தேன். கையால் அல்ல, உடம்பை மொத்தமாகப் பின்னால் சாய்த்து, வலையை இழுக்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். நாண் கன்னத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஜெரினா, “எண்ணுங்கண்ணா” என்றாள். எண்ணினேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு வேகமாக உலகத்தில் எவனும் பத்து எண்ணியிருக்க மாட்டான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “உங்க இஷ்டம்ண்ணா” என்றாள்.

“மூணு வாரம் டைம்” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “மீதி வில்லு ஜெரினாகிட்ட இருக்கும். ஒத்துவரலைன்னா மாத்திக்கோங்க. அப்பால நான் எல்லாத்தையும் பாண்டிச்சேரிக்கு எடுத்துகினு பூடுவேன்.”

நானாவது மாத்துவதாவது.

அடுத்த ஞாயிறே மானம் போனது. முதல் அம்பு மெத்தைக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. இரண்டாவது, மெத்தைக்கு மேலே பறந்து சுவரில் பட்டு உடைந்தது. மூன்றாவதை இழுக்கும்போது தோளுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. பாதியிலேயே கை விட்டுப்போய், அம்பு பக்கவாட்டில் கிளம்பி, எல்லோரும் குடிக்கிற தண்ணீர் கேனில் பாய்ந்தது. தண்ணீர் கொட்டத் தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மகிழினி அந்த இடத்தில் நின்றுதான் தண்ணீர் குடித்திருந்தாள். அவள் அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஜெரினா கத்தியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

“அண்ணா, இந்த வில்லோட இனிமே அம்பு விடற கோட்டுல நிக்காதீங்க. பிடிச்சி நிக்க முடியாத வில்லோட யாரையும் நான் நிக்க வைக்க மாட்டேன். மாத்திட்டு வாங்க.”

“மாத்தமாட்டேன்” என்றேன். என் வாய் இருக்கிறதே, அது எனக்குப் பிறந்த எதிரி. வில்லைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து என் கேபினில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் அந்தப் பக்கம் போகவில்லை. கேபினில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசுகிற சத்தம் சுவர் தாண்டி வந்தது. ‘கோதண்டம் அண்ணா வரலியா’ என்று யாராவது கேட்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம், லாரி சத்தத்தில் எனக்கு விழாமல் போயிருக்கலாம். பத்து மணிக்கு அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு முழுவதும் என் வாயிலிருந்து வந்தது ‘நம்பர் சொல்லு’ என்கிற வார்த்தை மட்டும்தான். தாங்க முடியவில்லை. அதற்கு முன்னால் இந்த யார்டில் இரண்டு வருடம் எப்படித் தாங்கினேன் என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை யாரும் இல்லாத நேரம் கேபினுக்குப் பின்னால் நின்று வில்லை எடுத்தேன். நாணில் விரலை வைத்தேன். அப்படியே நின்றேன். ஆமாம், அவள் சொன்ன மாதிரி நின்றேன். அன்றைக்குத்தான் என் உடம்பு எதற்காக நிற்கிறது என்று புரிந்தது. செல்வத்தின் காலுக்காக நிற்கிறது.

செல்வம் என் தொழில் கூட்டாளி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. இன்ஜின் பார்க்கிற ஆள் மாறிக்கொண்டே இருப்பான், வலை இழுப்பது எப்போதும் நாங்கள் இரண்டு பேர். இன்ஜின் சத்தத்திலும் காற்றிலும் வாயால் சொன்னால் கேட்காது. அதனால் செல்வம் பின்னால் நின்று படகின் பலகையில் காலால் இரண்டு தட்டு தட்டுவான். என் பாதத்துக்குத் தெரியும். இரண்டாவது தட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இழுப்போம். இருபத்திரண்டு வருடம், அவன் தட்டாமல் நான் இழுத்ததே இல்லை.

அவன்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் கரைக்கு வந்து, “போதும்டா கோதண்டம், படகக் குட்த்துடலாம்” என்றான். காரணம் சொல்லவில்லை. நான் அன்றைக்குச் சொல்லாத கெட்ட வார்த்தை இல்லை. படகு பழவேற்காட்டுக்காரனுக்குப் போனது, நான் யார்டுக்கு வந்தேன், அவன் திருவொற்றியூரில் மகன் ரஞ்சித் வீட்டோடு போய்விட்டான். அதோடு பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, வில்லைப் பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். “இன்னா பெருசு, ஸ்கிரீன் கம்பியா?” என்றான் கண்டக்டர். ஆமாம் என்றேன். செல்வத்தைத் திட்டத்தான் போனேன். என்னை இப்படி ஒரு வில்லைக்கூட இழுக்கத் தெரியாதவனாக ஆக்கிவிட்டுப் போனவனை வேறு என்ன செய்வது?

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவன் இளைத்துப்போயிருந்தான்.

“இன்னாடா?” என்றான். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா இது!

நான் லுங்கியைப் பிரித்து வில்லை நீட்டினேன். “இத்த இஸ்துப் பாரு.”

“இன்னாது இது?”

“வில்லு.”

“உனுக்கு எதுக்குடா வில்லு? மண்டைல அடி பட்ருச்சா?”

“இஸ்துப் பாருன்னா பாருடா.”

இடது கையில் வில்லை வாங்கினான். வலது கையை நாணுக்குக் கொண்டுபோனான். அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. முகம் கோணியது. நான் அவன் நடிக்கிறான் என்றே நினைத்தேன்.

“டபாய்க்காத.”

“டபாய்க்கலடா. தோளு போய் எட்டு வர்ஷம் ஆவுது. உள்ள ஜவ்வு கிழிஞ்சி கீதாம். இதுக்கு மேல தூக்க வராது.”

எட்டு வருடம். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். “அப்போ கடைசி ஆறு வர்ஷம் வலைய யார்ரா இஸ்தது?”

“நீதான்.” அவன் வில்லை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். “நான் சொம்மா கைய வெச்சிகினு இருந்தேன். கால்ல தட்டுவேன், நீ இஸ்துடுவ. ஒவ்வொரு நாளும் பாதிப் பங்க வாங்கிகினு வூட்டுக்கு வர்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. எவ்ளோ நாளுடா உன் தலைல குந்திகினு இருக்கறது? அதான் போதும்னேன்.”

“இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?”

“சொன்னா நீ வுட்ருப்பியா? பரவால்ல குந்துன்னு சொல்லிருப்ப.”

சொல்லியிருப்பேன்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“டேய் செல்வம். என்னால இருவத்திரண்டு கிலோவ இஸ்க்க முடில. இந்த வில்ல இஸ்க்கப் போய் தோள்ல எண்ணெ தடவிகினு கீறேன். வலைய நான் எங்கடா இஸ்தேன்? இதுல தோத்தப்பறம், நீதான் இஸ்துகினு இருந்தன்னு நான் நெனச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கீழே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வம்தான் முதலில் கேட்டான்.

“அப்போ வலை எப்புட்றா வந்துச்சு?”

“நீ எப்போ தட்டுவ? சொல்லு. எப்போ தட்டுவ?”

யோசித்தான். “படகு அலைலேர்ந்து எறங்கறப்போ. எறங்கறப்போ கயிறு லூசாவும். அப்போ தட்டுவேன்.”

“அதான்! லூசானத நான் எடுத்துகினு வந்தேன். இஸ்தது அலைடா. எப்போன்னு சொன்னது நீ. கால்ல தட்னல்ல, அதான் தொழிலே. கூலிக்கார வேலதான் நான் பாத்தேன். அரப் பங்குக்கு வெக்கப்பட்டானாம், முட்டாப் பய!”

திட்டத்தான் போனேன், திட்டியும்விட்டேன். அவன் குனிந்துகொண்டான். கண்ணைத் துடைத்தானா, மூக்கைச் சொறிந்தானா என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் கால் தரையில் இரண்டு தட்டு தட்டியது. டைல்ஸ் தரை, சத்தமே வரவில்லை. ஆனால் என் தோள் தானாக ஒரு இம்மி பின்னால் போனது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.

கிளம்பும்போது சொன்னேன். “ஞாயித்துக்கெளம காலைல வா. ஏழு மணி. அம்பு வுட வேணாம். சொம்மா வந்து பின்னால நில்லு.”

“பாப்போம்” என்றான் செல்வம்.

மூன்றாவது ஞாயிறு, கடைசி நாள். ஆறே முக்காலுக்கே போய் மனையின் கேட்டில் நின்றேன். ஏழு ஆனது. ஜெரினா வந்தாள், ஸ்டானிஸ்லாஸ் வந்தார், மகிழினியும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஏழரை ஆனது. டேங்கர் லாரி நான்கு போனது. இரண்டு ஆட்டோ வந்தது, இரண்டுமே நிற்கவில்லை. போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் ‘பாப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எட்டு மணி வரைக்கும் நின்றேன்.

“அண்ணா, ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் கெளம்பறாரு” என்றாள் ஜெரினா.

தார்ப்பாய்க்கு முன்னால் குனிந்து ஐம்பதை வைத்தேன். மகிழினியின் அம்மாவிடம், “அன்னிக்குப் பண்ணது தப்பும்மா” என்றேன். அவள் தலையசைத்தாள். பிறகு முப்பதை எடுத்து இழுத்தேன். சாயாமல், வெட்டாமல், நிதானமாக. ஐந்து எண்ணும்போது நடுங்கியது. வைத்துவிட்டேன். இருபத்தெட்டை எடுத்தேன். ஏழில் நடுங்கியது. இருபத்தாறு மகிழினியிடம் இருந்தது. மிச்சம் இருந்தது அவள் லேசாக இருக்கிறது என்று போட்ட இருபத்துநாலு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக, கடலில் மிதவை எண்ணுகிற மாதிரி பத்து எண்ணினேன். கை நடுங்கவில்லை.

பத்தரைக் கிலோவா, பதினோரு கிலோவா, அதுதான் என் பலம். கரையில் அலை கிடையாது. எதுவும் எனக்காக லூசாகாது. இருக்கிற கனம் முழுவதையும் நான் ஒருத்தன்தான் இழுக்க வேண்டும்.

“இத்தயே குடும்மா” என்றேன்.

கோட்டில் போய் நின்றேன். அம்பை மாட்டினேன். வழக்கம்போல உடம்பு நின்றது. இரண்டு வருடம் முன்னால் நின்ற அதே மாதிரி, பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டு. கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். பிறகு என் காலாலேயே மண்ணில் இரண்டு தட்டு தட்டினேன். புழுதி கொஞ்சம் கிளம்பியது. இரண்டாவது தட்டில் இழுத்து, விட்டேன். அம்பு மெத்தையின் ஓரத்தில் போய்க் குத்தி நின்றது.

“சூப்பருண்ணா!” ஜெரினா கை தட்டினாள். “இன்னிக்கு யாருக்காகவும் வெய்ட் பண்ணல பாருங்க.”

அவள் பாராட்டித்தான் சொன்னாள்.

“ஆமாம்மா” என்றேன். அம்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது, சும்மா நடக்கிற மாதிரி கேட் வரைக்கும் போய், ரோட்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.